யாரும் ஏற்றாத சுமை

“எஞ்சின் நல்லாருக்கு தாயி. ஆனா இந்த வண்டில யாரும் லோடு ஏத்தலயே.”

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தாத்தா ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் ஓட்டும் சின்ன மாதிரி ரயிலைப் பார்க்க வந்தபோது சொன்னது இது. அவர் விரல் காட்டியது கரி வேகனை. கரி அதில் விளிம்புக்கு மேல் குவிந்து பளபளவென்று இருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது, அப்புறம் எப்படி யாரும் ஏற்றவில்லை என்கிறார்? கூட்ஸ் ஷெட்டில் லோடுமேனாகவே வாழ்நாளைக் கழித்தவர், மூட்டை தூக்கித் தூக்கிப் பிடரி காய்த்துப்போனவர், வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளும் இல்லை. காபியைக் குடித்துவிட்டு, ரயில் கொய்யா மரத்தைச் சுற்றி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் சொன்னது மட்டும் என்னோடேயே தங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது, பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது, யாரும் லோடு ஏத்தலயே, யாரும் லோடு ஏத்தலயே என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கரி கடையில் வாங்கியது. பிசினை அச்சில் ஊற்றி வார்த்து, கறுப்பு அடித்த ஒரே கட்டி. வேகனுக்குள் வைத்தால் சரியாக உட்காரும், எடுத்தால் அப்படியே கையோடு வரும். வண்டியில் மற்ற சுமையெல்லாம் வீட்டுக் கழிவிலிருந்து நானே செய்தவை, அதை ஒன்றைத்தான் வாங்கியிருந்தேன். அதனால் அவர் சொன்னதைக் “கடையில் வாங்குவதைவிடக் கையால் செய்வது மேல்” என்கிற வழக்கமான பேச்சாக எடுத்துக்கொண்டு முடித்திருக்கலாம். ஆனால் நான் செய்த அரிசி மூட்டை வேகனைப் பார்த்தும் அவர் முகத்தில் அதே சந்தேகம்தான் இருந்தது. அதுதான் விடாமல் உறுத்தியது.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ரயில்களில் பரவலாக இருக்கிற பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் அகலம். ஜெர்மனியில் நூரம்பர்க்கைச் சேர்ந்த லேமன் கம்பெனி 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த வரிசைதான் இதை வீட்டுத் தோட்டங்களுக்குப் பரப்பியது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு 22.5-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது இது மீட்டர் கேஜ் ரயில், நிஜத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம் இருக்கிற வகை. ஜெர்மனியில் வேலை பார்த்த என் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் பிரித்தபோது, தண்டவாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு ஆல்ப்ஸ் மலை நினைவுக்கு வரவே இல்லை. எங்கள் தென்காசி, செங்கோட்டை, அங்கிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் போன வண்டிதான் வந்தது. 1904-இல் திறந்த அந்தப் பாதையில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010-இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். நல்லதுதான், இன்று ரயில் வேகமாகப் போகிறது. ஆனால் அந்தச் சின்ன வண்டிகளை இனிமேல் அந்தப் பாதையில் பார்க்க முடியாது. எங்கள் துவைகல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே அது ஓடட்டும் என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்ததும் முதல் சிக்கல் சுமைதான். தோட்டத்து ரயிலுக்கு வெளிநாட்டில் கிடைக்கிற சுமையெல்லாம் அந்த ஊர்ச் சுமை. மதுப் பீப்பாய், பைன் மரத்துண்டு, பால் கேன். வத்தல் மூட்டையும் பஞ்சுப் பொதியும் சணல் சாக்கில் அரிசியும் யாரும் செய்து விற்பதில்லை. ஆகவே வீட்டுக் கழிவைத் தேடிப் போனதற்குக் காசை மிச்சம் பிடிப்பது காரணம் இல்லை. எங்கள் ஊர் வண்டிக்கு எங்கள் வீட்டு அடுக்களையிலும் பழந்துணி மூட்டையிலும்தான் சரக்கு இருந்தது. இதை நான் அழுத்தியே சொல்வேன். ஒரு கூட்ஸ் வண்டி எந்த ஊர் வண்டி என்பதை எஞ்சினைவிட அதன் சுமைதான் சொல்லும்.

கரி

அந்த வார்ப்புக் கட்டியை மறுபடி எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் ஒரே சீராக வளைந்திருந்தது. எல்லாத் துண்டும் ஒரே பருமன். தூசி என்று ஒன்று இல்லவே இல்லை. ஓரத்தில் வேகன் சுவருக்கும் கரிக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. இதை யாரும் கூடையால் கொட்டவில்லை, மண்வெட்டியால் தள்ளவில்லை, எங்கேயும் குலுங்கி வந்து அமரவில்லை. தாத்தா சொன்னது இதைத்தானோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

சரி, கொட்டித்தான் பார்ப்போமே என்று சிரட்டைக் கரியை எடுத்தேன். வெந்நீர் அடுப்பில் மிஞ்சுகிறது, உடைத்த முகத்தில் ஒரு மெல்லிய மினுமினுப்பும் இருக்கிறது, எடையும் குறைவு. பழைய துணியில் முடிந்து அம்மிக் குழவியால் தட்டினால் நொறுங்கும். உள்ளங்கை அகலக் கரித்துண்டு பத்து சென்டிமீட்டர் என்றால் நம் அளவில் நாலரை மில்லிமீட்டர். அதற்கு மேற்பட்டதை மறுபடி துணிக்குள் போட்டுத் தட்ட வேண்டும். மாவு சல்லடையில் கீழே விழும் தூசியைக் கொட்டிவிடாதீர்கள், ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். தூசி இல்லாத கரி வேகன் உலகத்தில் இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் எல்லாவற்றையும் 22.5-ஆல் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவு, கைப்பிடி, ஓடு, மனிதன் எல்லாமே. ஆனால் குவியலின் சரிவை வகுக்க வேண்டியதில்லை. உலர்ந்த பொருளை மேலிருந்து கொட்டினால் அது தானாக ஒரு சாய்வில் நிற்கும், பெரும்பாலும் முப்பது முதல் நாற்பது டிகிரிக்குள். துண்டு பெரிதா சிறிதா என்பதைவிட, அதன் முனைகள் எவ்வளவு கரடு, எவ்வளவு ஈரம் என்பவைதான் அந்தச் சாய்வைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ரயில் யார்டில் டன் கணக்கில் கொட்டிய கரி எந்தச் சாய்வில் நிற்குமோ, கிட்டத்தட்ட அதே சாய்வில் என் தேக்கரண்டிக் கரியும் நிற்கிறது. கத்தியால் செதுக்கி, களிமண்ணால் உருவம் பிடித்து இதைக் கொண்டுவரவே முடியாது. கொட்டினால்தான் வரும்.

கொட்டுவதும் ஒரே இடத்தில் இல்லை. கூடையால் ஏற்றிய வேகனில் கூடை கவிழ்ந்த இடமெல்லாம் ஒரு சின்ன மேடு, இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளம். கரண்டியால் அங்கங்கே கவிழ்த்தேன். அப்புறம் வேகன் சுவரைக் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன், வண்டி ஓடுகிற அதிர்வுக்குப் பதிலாக. தட்டத் தட்டத் தூசி இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குகிறது, பெரிய துண்டுகள் மேலே வருகின்றன. முறுக்கு டப்பாவில் தூள் அடியில் போய்ச் சேர்வது மாதிரிதான். ஓடி வந்த வண்டியின் கரி மேல்பக்கம் கரடாக இருப்பதற்கும் இதுவே காரணம். கடைசியில் எடுத்துவைத்த தூசியை ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தூவி, பசையைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு (இல்லாவிட்டால் சொட்டு கரித்தூசிமேல் உருண்டு ஓடும்), பழைய மருந்துப் புட்டியின் சொட்டுக் குழாயால் விட்டேன். ஒரு ராத்திரி காய வேண்டும். வெள்ளைப் பசையில் மழைக்குத் தாங்கும் என்று தனியாக விற்கிற வகையை வாங்குங்கள், சாதாரணமானது முதல் சாரலிலேயே பால் போல வெளுத்துக் கரைந்துவிடும்.

வேகனை அடி வரைக்கும் கரியால் நிரப்ப வேண்டாம். தெர்மாகோல் துண்டு ஒன்றை வெட்டி உள்ளே இறுக்கிவிட்டு, மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குக் கரி போதும். எஞ்சினுக்கு மூச்சு வாங்காமல் இருக்கும், எங்கள் தோட்டத்தில் கிணற்றடிப் பக்கம் நல்ல ஏற்றம் வேறு.

அட்டி

கரி வேகனைச் சரி செய்ததும் தாத்தாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். “ம், இதுல கூடை விழுந்திருக்கு” என்றார். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அடுத்து அவர் கை நேராக மூட்டை வேகனுக்குப் போனது.

அந்த மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்துத் தைத்தவை. சணல் சாக்கின் நெசவு வேண்டும் என்றால் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணிதான் கண்ணுக்கு ஒத்து வரும், ஆனால் அதில் மணல் நிற்காது. அதனால் பஞ்சுப் பொதிக்குக் காஸ், மூட்டைக்கு வேட்டி. பல வருடம் துவைத்துத் துவைத்து உயிர் போன வேட்டியாக இருக்க வேண்டும், புதுத்துணி விறைத்து நிற்கும். டீத்தூளைக் கொதிக்க வைத்து அதில் முக்கி எடுத்தால் சாக்கு நிறம். நூறு கிலோ மூட்டையை நாலரை சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே அரிசி போடக் கூடாது. ஆறு மில்லிமீட்டர் அரிசிமணி இந்த அளவில் பதிமூன்று சென்டிமீட்டர் கல், சாக்கு முழுக்க முண்டு முண்டாகத் தெரியும். எறும்பும் வரும். சலித்த ஆற்று மணல்தான் சரி, அதையும் முக்கால் பங்குக்கு மேல் போடக் கூடாது, அப்போதுதான் மூட்டை தொய்ந்து படுக்கும்.

இத்தனையும் செய்து, வேகனில் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லா வாயும் வெளியே தெரியும்படி அழகாக அடுக்கியிருந்தேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மணையில் வைத்தார். “அட்டி இப்படிப் போட்டா ஆரியங்காவு ஏறுமுன்னே சரிஞ்சிரும் தாயி.” அட்டி என்றால் மூட்டை அடுக்கு. பிறகு அவரே அடுக்க ஆரம்பித்தார்.

முதல் வரிசையில் மூட்டைகள் நீளவாக்கில். அதன்மேல் வரிசை குறுக்குவாக்கில். அதற்கும் மேலே மறுபடி நீளவாக்கில். ஓரத்து மூட்டைகளின் வாய் எல்லாம் உள்பக்கம் பார்க்க வேண்டும். தையல் விட்டுப்போனாலும் தானியம் வெளியே கொட்டாது, பின்னால் இருக்கிற மூட்டை அடைத்துக்கொள்ளும். ஓரத்தை முதலில் கட்டிவிட்டு நடுவை அப்புறம் நிரப்பினார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கட்டைவிரலால் மூட்டைகளின் நடுவில் அமுக்கிக்கொண்டே போனார். எதற்கு என்று கேட்டேன். “அடுத்த வரிச போட அது மேலதான ஏறி நிப்போம்? கால் பட்ட மூட்ட உப்பலா இருக்குமா?” என்றார்.

நான் எழுந்து உள்ளே போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றேன். நான் பல மாதமாக மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிறம், அளவு, நெசவு என்று. அவர் மூட்டையைப் பார்க்கவில்லை, மூட்டைமேல் நின்ற காலைப் பார்த்தார். சுமை என்பது பொருள் மட்டும் இல்லை, யாரோ ஒருவர் செய்து முடித்த வேலை அது. எந்தப் பக்கமிருந்து வந்தார், எங்கே நின்றார், எதைக் கடைசியாக வைத்தார் என்பதெல்லாம் அதில் படிந்திருக்கிறது. வார்ப்புக் கட்டியில் அது இல்லாமல் போனதற்கு அதைச் செய்தவரின் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. அந்த வேலை அதில் நடக்கவே இல்லை, அவ்வளவுதான். கழிவுப் பொருளில் செய்யும்போது நமக்குக் கிடைக்கிற பெரிய லாபமும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கரியைக் கொட்டியே ஆக வேண்டும், மூட்டையை அடுக்கியே ஆக வேண்டும். சின்ன அளவில் அதே வேலையை நாமும் செய்கிறோம், அதனால் அதே தடம் விழுகிறது.

இன்னொன்றும் சொன்னார். சாக்கின் வாயைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் கொஞ்சம் துணியை விட்டுக் காது மாதிரி முடிவார்கள், பிடித்துத் தூக்க வசதியாக. என் மூட்டைகளுக்குக் காது இல்லை. “இத எங்க பிடிச்சுத் தூக்க?” என்று ஒரு மூட்டையை இரண்டு விரலில் வைத்துக்கொண்டு கேட்டபோது அவர் குரலில் கேலி கொஞ்சமும் இல்லை, உண்மையாகவே தூக்க வழி தேடியவர் மாதிரி கேட்டார். இப்போது எல்லாவற்றுக்கும் பழுப்பு நூலால் காது முடிகிறேன்.

மரமும் அணிலும்

மரச்சுமைக்கு வேலை குறைவு, கொய்யா மரத்தைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளே போதும். பட்டை மெல்லிசாக வழவழவென்று இருக்கிறது, இந்த அளவுக்கு ஒத்துப்போகிறது. முருங்கை வேண்டாம், பட்டையின் வெடிப்பு இந்த அளவுக்குப் பெரிது. பதிமூன்று மில்லிமீட்டர் குச்சி என்றால் ஓரடி விட்டமுள்ள தடி. நிழலில் காயவைத்து, கோடரி வெட்டு மாதிரி ஒரு முனையை இரண்டு பக்கமும் சாய்த்துச் சீவிவிட வேண்டும். கட்டுவதற்கு அறுந்துபோன கவரிங் சங்கிலி. அம்மாவின் நகைப் பெட்டியில் இப்படி ஒரு குவியலே இருந்தது, மெருகு போய்க் கறுத்தவை, கறுத்ததுதான் நமக்கு நல்லது.

பஞ்சுப் பொதிக்கு உள்ளே தெர்மாகோல், வெளியே காஸ், சுற்றிலும் இரும்புப் பட்டைக்குப் பதிலாக மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை மெல்லிய நாடாவாக வெட்டிச் சுற்றியது. நம் நாட்டில் ஒரு பஞ்சுப் பொதி 170 கிலோ. 22.5-ஐ மும்முறை பெருக்கிக் கணக்குப் போட்டால் என் பொதி பதினைந்து கிராம் இருக்க வேண்டும். தெர்மாகோல் பொதி அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால் அடியில் பழைய நட்டு ஒன்றைப் புதைத்தேன். வேகன் வளைவில் திரும்பும்போது வித்தியாசம் தெரிகிறது. பொதிகளில் ஒன்றின் மூலையை ஓர் அணில் பிரித்துக் காஸை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாமரத்தில் அதன் கூட்டில் எங்கோ எங்கள் ஊர்ப் பஞ்சுப் பொதித் துணி இருக்கிறது. தேங்காய் நாரில் செய்த எதையும் அணில் விடாது, அதனால் வைக்கோல் போருக்கு நாரைத் தவிர்த்துவிட்டு, தேய்ந்த பெயின்ட் பிரஷ்ஷின் முடியை வெட்டி ஒட்டினேன்.

ஸ்டேஷனுக்குக் கூரை குளிர்பானக் கேன் தகடு. தென்னை வாரியலின் ஈர்க்குகளை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் பலகையில் ஒட்டி, அதன்மேல் தகட்டை வைத்து இன்னொரு ஈர்க்கால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் நெளித்தகடு கிடைக்கிறது. அட்டைப்பெட்டியின் நெளிவை அப்படியே கூரையாக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். கூடத்தில் ஓடும் ரயிலுக்குச் சரி, வெளியே அது ஒரு மழைக்கு. தோட்டத்தில் நிற்பவை தகடு, பிளாஸ்டிக், சிமென்ட், கல், சிரட்டை, இவ்வளவுதான். பனை மரம் இல்லாமல் எங்கள் பக்கத்துப் பாதையே இல்லை, அதற்குப் பச்சை ஷாம்பு பாட்டிலை விசிறியாக வெட்டி மடித்து ஓலை. உயரம் மட்டும் நான் கணக்கை விட்டுவிட்டேன், இருபது மீட்டர் பனை நம் அளவில் தொண்ணூறு சென்டிமீட்டர் வரும், ரயில் காணாமல் போய்விடும். அதே கொல்லம் பாதையில் இருக்கும் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் (வளைவு) பாலம் வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டுகளை நீளவாக்கில் பிளந்து, கண்களுக்கு அச்சாக வைத்துச் சிமென்ட் பூச வேண்டும் என்று திட்டம் இருக்கிறது. அது பெரிய வேலை, இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

இப்போது கையில் இருப்பது தார்ப்பாய். தாத்தாதான் இதையும் கிளப்பிவிட்டார். ஆனி, ஆடிச் சாரலில் திறந்த வேகனில் அரிசி மூட்டை நனைந்துகொண்டு போகுமா, மேலே பாய் போட்டுத்தானே கட்டுவோம் என்கிறார். இவ்வளவு பாடுபட்டு அடுக்கிய அட்டியை மூடி மறைப்பதா என்று எனக்கு மனசே வரவில்லை. மூடிப் பார்த்தேன். கறுப்புக் குடைத் துணி நல்ல மெல்லிசு, தண்ணீரும் தாங்குகிறது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு மூட்டையின் மேடும் அதன்மேல் தெரிகிறது. ஆனால் துணி நடுவில் குழிந்து, தண்ணீர் தெளித்ததும் அங்கேயே தேங்கிவிட்டது. நடு வரிசையில் ஒரு மூட்டை கூடுதலாக வைத்து முதுகு மாதிரி உயர்த்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும், அப்படித்தான் போடுவோம் என்று அவர் சொன்னதும் மேல் வரிசை முழுவதையும் எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாயின் ஓரத்தில் குண்டூசியை வளைத்துக் கொக்கி, கட்டுவதற்கு மெழுகு தடவிய நூல். ஒரு குடையில் மூன்று வேகனுக்குத் துணி தேறுகிறது, என்னிடம் இருப்பது ஐந்து வேகன். யார் வீட்டிலாவது கம்பி முறிந்த கறுப்புக் குடை சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குச் சொல்லுங்கள்.